கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த எஸ்.எம்.பி.எஸ். வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராபிக்ஸ் கார்டு வாங்க மாதக்கணக்கில் விலை பார்க்கிறோம், வீடியோ பார்க்கிறோம், நண்பர்களிடம் கேட்கிறோம். அதற்குக் கரண்ட் கொடுக்கப் போகிற எஸ்.எம்.பி.எஸ். நினைவுக்கு வருவது பில் போடுகிற நேரத்தில்தான், அப்போது கையில் மிச்சம் இருக்கிற காசுக்கு எது கிடைக்கிறதோ அது கேபினட்டுக்குள் போய்விடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் கட்சி: எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதலில் முடிவு செய்யுங்கள், மிச்சப் பணத்தில் கார்டைப் பாருங்கள். ஏன், எப்படி என்பதெல்லாம் கீழே.

எல்லாம் கரண்ட் கொடுக்கும் பெட்டிதானே, அதில் அப்படி என்ன வித்தியாசம்?

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி.யை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றுவது அதன் வேலை. இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன. கேம் மெனுவில் நிற்கும்போது கார்டு 30 வாட் கேட்கும், சண்டைக் காட்சி ஆரம்பித்ததும் 300 வாட் கேட்கும், அந்த ஏற்ற இறக்கத்திலும் 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே இறங்காமலும் 12.6க்கு மேலே ஏறாமலும் நிற்க வேண்டும். மேலும் கீழும் 5 சதவீதம், கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.களுக்கான பொது விதியான ஏடிஎக்ஸ் வழக்கமாகத் தந்து வந்த இடம் அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம் அது கெட்டுப்போகிற விதம். ரேம் கெட்டால் ரேமோடு போய்விடும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது போர்டு, கார்டு, ஹார்டு டிஸ்க் என்று எதை வேண்டுமானாலும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஷார்ட் ஆனால், வோல்டேஜ் ஏறினால், இறங்கினால், லோடு மிஞ்சினால், சூடு மிஞ்சினால் தன்னை அணைத்துக்கொள்ளும் பாதுகாப்புகள் உண்டு. மலிவானவற்றில் இவை பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும், உள்ளே இருக்குமா என்பது வேறு விஷயம்.

கேபினட்டோடு சேர்த்துக் கொடுத்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது. அது போதாதா?

பெரும்பாலும் போதாது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் லேபிளை நீங்களே படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450ஐ விட்டுவிடுங்கள். கீழே சின்னக் கட்டங்களில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதுதான் விஷயம்.

ஒரு லேபிளில் 3.3 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 12 பெருக்கல் 14, 168 வாட். கார்டும் பிராசஸரும் சேர்ந்து சாப்பிட அந்த 168 வாட்தான் இருக்கிறது. 5 வோல்ட்டில் 90, 3.3 வோல்ட்டில் 59 என்று மற்ற இரண்டையும் கூட்டினாலும் மொத்தம் 320ஐத் தொடவில்லை, பிறகு 450 எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட பெட்டி, கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தாங்கும். கேமிங் கார்டுக்குத் தாங்காது.

ஒழுங்கான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது சுமார் 540 வாட். சொன்ன வாட் கிட்டத்தட்ட முழுவதையும் 12 வோல்ட்டிலேயே கொடுக்க முடிகிறதா என்பதுதான் முதல் சோதனை. சில லேபிள்களில் 12வி1, 12வி2 என்று இரண்டு கட்டம் இருக்கும். அந்த ஆம்பியர்களை அப்படியே கூட்டிவிடாதீர்கள், இரண்டுக்கும் பொதுவாக எத்தனை வாட் என்று கீழே போட்டிருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் கவுண்டரில் நின்று வாங்கினால், பணம் கொடுக்கும் முன் அந்த லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்திலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். 12 வோல்ட் ஆம்பியரே போடாத பெட்டி என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எனக்கு எத்தனை வாட் வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மூன்று எண்களைக் கூட்ட வேண்டும்: கார்டு அதிகபட்சம் இழுக்கும் வாட், பிராசஸர் அதிகபட்சம் இழுக்கும் வாட், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 அல்லது 60 வாட். போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., நாலைந்து ஃபேன் எல்லாம் இந்தக் கடைசி எண்ணில் அடங்கிவிடும். வந்த தொகையோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, அதற்கு அடுத்து கடையில் கிடைக்கும் அளவை எடுங்கள்.

பிராசஸர் விஷயத்தில் பலர் சறுக்குவது ஒரு இடத்தில்தான். இன்டெல் ஐ5-12400எஃப் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும், வேகம் கூட்டி ஓடும் டர்போவில் அது 117 வாட் வரை போகும். ஐ7-14700கே 125 வாட் என்று ஆரம்பித்து 253 வரை ஏறும். ஏ.எம்.டி.யில் 120 வாட் என்று சொல்லப்படும் ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு சாக்கெட் வழியாக அனுமதிக்கப்பட்ட உச்சம் 162 வாட். கணக்கில் போட வேண்டியது இந்தப் பெரிய எண்.

இப்போது ஐ5-12400எஃப்போடு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு போடுகிறீர்கள். 117, 115, 50, மொத்தம் 282. மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 376. நல்ல 450 வாட் தாராளமாக ஓட்டும், 550 எடுத்தால் அடுத்த கார்டுக்கும் உதவும். 7800எக்ஸ்3டியோடு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ என்றால் 162, 300, 60 சேர்ந்து 522, கணக்குப்படி 696, எனவே 750 வாட். ஐ7-14700கேயோடு ஆர்டிஎக்ஸ் 5080 என்றால் 253, 360, 60 சேர்ந்து 673, கணக்குப்படி 900க்குப் பக்கத்தில் வருகிறது. இங்கே கொஞ்சம் யோசிக்கலாம். கேம் விளையாடும்போது பிராசஸர் 253 வாட்டைத் தொடுவது அபூர்வம், அதனால் விளையாட மட்டும் என்றால் 850 போதும், என்விடியா சொல்வதும் 850தான். பிளெண்டர் மென்பொருளில் 3டி வேலை, வீடியோ ரெண்டரிங் என்று கார்டு, பிராசஸர் இரண்டையும் ஒரே நேரத்தில் மணிக்கணக்கில் கசக்கப் போகிறவர் 1000 எடுப்பது நல்லது.

என் கார்டு 115 வாட்தான் இழுக்கிறது. பெட்டியில் ஏன் 550 வாட் கேட்கிறார்கள்?

அந்த 550 கார்டுக்கு மட்டும் அல்ல, முழுக் கம்ப்யூட்டருக்கும். உங்களிடம் இருப்பது சின்ன பிராசஸரா பெரிய பிராசஸரா என்று கார்டு செய்கிறவருக்குத் தெரியாது, உங்கள் எஸ்.எம்.பி.எஸ். சொன்ன வாட்டை உண்மையாகவே கொடுக்குமா என்பதும் தெரியாது, அதனால் பாதுகாப்பாகக் கூட்டியே சொல்கிறார்கள். தரமான 450 வாட், தரமில்லாத 650 வாட்டைவிட ஆர்டிஎக்ஸ் 4060க்கு நல்ல துணை.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கார்டு இழுப்பது, அடுத்து நிறுவனம் கேட்பது: ஆர்டிஎக்ஸ் 3060 170, 550. ஆர்டிஎக்ஸ் 5060 145, 550. ஆர்டிஎக்ஸ் 4070 200, 650. ஆர்டிஎக்ஸ் 5070 250, 650. ஆர்டிஎக்ஸ் 4090 450, 850. ஆர்டிஎக்ஸ் 5090 575, 1000. ஏ.எம்.டி. பக்கம் ஆர்எக்ஸ் 6600 132, 450. ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 263, 700. ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304, 750. ஓவர்கிளாக் செய்து விற்கும் மாடல்கள் இதைவிடக் கூட இழுக்கும், எனவே உங்கள் மாடலின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"ஸ்பைக்" என்கிறார்களே, அது என்ன? ஏடிஎக்ஸ் 3.0 அவசியமா?

300 வாட் கார்டு என்றால் அது சராசரிக் கணக்கு. கண் இமைப்பதற்குள், இன்னும் சரியாகச் சொன்னால் மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில், அந்தக் கார்டு தன் சராசரியைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டுத் திரும்பவும் இறங்கிவிடும். வாட் மீட்டரில் இது தெரியாது, மீட்டருக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பாதுகாப்புச் சர்க்யூட் இதைப் பார்க்கும், லோடு மிஞ்சிவிட்டது என்று நினைத்து மொத்தத்தையும் அணைத்துவிடும். 2020இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது, கணக்குப்படி போதுமான வாட் இருந்தும் பலருடைய கம்ப்யூட்டர்கள் திடீரென்று அணைந்ததற்கு இது ஒரு காரணம்.

இதற்காகத்தான் 2022 பிப்ரவரியில் இன்டெல் ஏடிஎக்ஸ் 3.0 விதியை வெளியிட்டது. அதன்படி பெரிய கார்டுகளுக்கான புதிய 16 பின் கனெக்டரோடு வருகிற, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்.எம்.பி.எஸ். 100 மைக்ரோ நொடி நேரத்துக்குத் தன் அளவைப்போல் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். புதிதாக வாங்குகிறீர்கள், கார்டு 200 வாட்டுக்கு மேல் என்றால் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்டதையே எடுங்கள். ஏற்கெனவே நல்ல பழைய எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது, கார்டும் சின்னது என்றால் இதற்காக மாற்ற வேண்டாம்.

1000 வாட் வாங்கினால் கரண்ட் பில் எகிறுமா?

எகிறாது. 1000 என்பது அது கொடுக்க முடிந்த உச்சம். உள்ளே இருக்கும் பொருட்கள் 300 வாட் கேட்டால் 300தான் கொடுக்கும், சுவரிலிருந்து அதோடு கொஞ்சம் நஷ்டமும் சேர்த்து இழுக்கும், அவ்வளவே. ஏ.சி.க்குப் போடுவது போல 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 6 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1380 வாட் வரை தாங்கும். பாயிண்ட் தளர்ந்து பிளக் ஆடாமல் இருந்தால் போதும்.

பிரான்ஸ், கோல்டு, பிளாட்டினம்: எது வாங்குவது?

80 பிளஸ் என்பது 2004இல் தொடங்கிய சான்று, பிரான்ஸ், கோல்டு எல்லாம் அதன் படிகள். சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எத்தனை சதவீதம் உள்ளே போய்ச் சேருகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதை மட்டும் அது சொல்லும். 115 வோல்ட் சோதனையில், பாதி லோடில், பிரான்ஸுக்கு 85, கோல்டுக்கு 90, பிளாட்டினத்துக்கு 92, டைட்டானியத்துக்கு 94 சதவீதம் வேண்டும்.

பில்லில் எவ்வளவு மிச்சம்? உள்ளே 300 வாட் தேவை என்று வையுங்கள். 85 சதவீதத்தில் சுவரிலிருந்து 353 வாட், 90 சதவீதத்தில் 333 வாட். வித்தியாசம் 20 வாட். தினம் நாலு மணி நேரம் விளையாடினால் மாதம் 2.4 யூனிட். இதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. கோல்டு வாங்க நான் சொல்வதற்குக் காரணம் வேறு: சூடு குறைகிறது, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அப்புறம் கோல்டு வரிசையில்தான் நிறுவனங்கள் பொதுவாக நல்ல பாகங்களையும் நீண்ட வாரண்டியையும் கொடுக்கின்றன. ஆனாலும் கோல்டு என்று போட்டதெல்லாம் நல்லது என்று அர்த்தம் இல்லை. அந்தச் சோதனை சாதாரண அறை வெப்பத்தில் நடப்பது. சித்திரை மாத மதுரையில், ஜன்னல் மூடிய அறையில், கேபினட்டுக்குள் அடிக்கிற வெக்கையை அது சோதிக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். எந்த வெப்பநிலையில் முழு வாட்டையும் கொடுக்கும், 40 டிகிரியா 50 டிகிரியா என்று நிறுவனத்தின் பக்கத்தில் போட்டிருப்பார்கள். நம் ஊருக்கு 50 போட்டதைத் தேடுங்கள்.

பெரிய பிராண்டு பார்த்து வாங்கினால் போதுமா?

போதாது, மாடல் பார்க்க வேண்டும். பெயர் போட்டு விற்கிறவரும் தயாரிக்கிறவரும் பெரும்பாலும் வேறு வேறு. கோர்செயர் விற்கும் எஸ்.எம்.பி.எஸ்.களை மாடலைப் பொறுத்து சீசானிக், சி.டபிள்யூ.டி., கிரேட் வால் போன்ற நிறுவனங்கள் செய்து கொடுத்திருக்கின்றன. அதனால் ஒரே பிராண்டில் ஒரு வரிசை அருமையாகவும் இன்னொன்று சுமாராகவும் இருக்க வாய்ப்புண்டு.

இதற்கு உதாரணம் கிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் என்ற இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.கள். அமெரிக்காவில் கார்டுத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் நியூஎக் கடை இவற்றை கிராபிக்ஸ் கார்டோடு ஜோடி சேர்த்து விற்றது. வாங்கியவர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன, 2021இல் கேமர்ஸ் நெக்சஸ் என்ற யூடியூப் சேனலின் சோதனையில் சில பெட்டிகள் வெடித்தே போயின. லோடு மிஞ்சும்போது அணையும் பாதுகாப்பு 120 முதல் 150 சதவீதம் என்று மிக உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆகஸ்டில் நிறுவனம் அதை 110 முதல் 120க்குக் குறைத்ததாக அறிவித்து, குறிப்பிட்ட சீரியல் எண்களுக்கு மாற்றிக் கொடுக்கவும் முன்வந்தது. அந்த இரண்டும் கோல்டு சான்று பெற்றவை என்பதைக் கவனியுங்கள்.

எனவே மாடல் பெயரை முழுதாகப் போட்டு, உள்ளே திறந்து சோதித்த விமர்சனம் இருக்கிறதா என்று தேடுங்கள். சைபனெடிக்ஸ் என்ற சோதனை நிறுவனம் தன் இணையதளத்தில் மாடல் வாரியாக முழு அறிக்கையையும் இலவசமாகவே வைத்திருக்கிறது. விமர்சனமே கிடைக்காத மாடல் என்றால் வாரண்டியைப் பாருங்கள். 2 வருடம் தருகிறவருக்கும் 7, 10 வருடம் தருகிறவருக்கும் தங்கள் சரக்கின் மேல் இருக்கும் நம்பிக்கை ஒன்றல்ல.

6 பின், 8 பின், 16 பின்: எனக்கு எது வேண்டும்?

கார்டு போர்டில் உட்காரும் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 6 பின் கனெக்டர் இன்னொரு 75, 8 பின் 150, புதிய 16 பின் 600 வரை. ஒரு 8 பின் உள்ள கார்டுக்கு விதிப்படி 225 வாட் கிடைக்கும் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். இந்த எல்லைகள் சும்மா எழுதி வைத்தவை அல்ல. 2016இல் ஏ.எம்.டி. ஆர்எக்ஸ் 480 ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கு மேல் இழுக்கிறது என்று தெரிந்தபோது பெரிய பரபரப்பாகி, அடுத்த மாதமே டிரைவரில் திருத்தம் கொடுக்க வேண்டி வந்தது.

கார்டின் 8 பின்னும் பிராசஸருக்குப் போகும் 8 பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்றல்ல. கார்டுக்குப் போவது 6+2 என்று பிரியும், பிராசஸருக்குப் போவது 4+4 என்று பிரியும். 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், தப்பான கேபிளைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

ஒரே கேபிளில் இரண்டு 8 பின் தொங்குகிறது. கார்டின் இரண்டு இடத்திலும் அதையே செருகலாமா?

200 வாட் அளவு கார்டு என்றால் செருகலாம், ஓடும். 250, 300 என்று போகும் கார்டுக்கு இரண்டு தனித்தனிக் கேபிள் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். முனையில் ஒரே கனெக்டர் வழியாக எல்லாக் கரண்டும் வரும்போது அந்த முனைதான் சூடாகும், அது கேபினட்டின் இருட்டு மூலையில் இருப்பதால் வாசனை வரும்வரை யாருக்கும் தெரியாது.

8 பின்னே இல்லை. பழைய 4 பின் மோலெக்ஸ் அல்லது ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டாவிலிருந்து கன்வெர்ட்டர் போடலாமா?

வேண்டாம். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். அதிலிருந்து 150 வாட் 8 பின் எடுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கும். இரட்டை மோலெக்ஸ் கன்வெர்ட்டர் இதைவிடப் பரவாயில்லை, ஆனால் 8 பின் கேபிளே கொடுக்காத எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கார்டுக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதை அதன் தயாரிப்பாளரே உங்களுக்குச் சொல்லிவிட்டார்.

16 பின் கனெக்டர் உருகுகிறதாமே?

உருகியிருக்கிறது. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில நாட்களிலேயே புகைப்படங்கள் வர ஆரம்பித்தன. நவம்பரில் என்விடியா சுமார் 50 சம்பவங்கள் தெரியும் என்றும், கனெக்டர் முழுதாக உள்ளே போகாததே பொதுவான காரணம் என்றும் சொன்னது. செருகுகிறவர் மேல் மட்டும் பழியைப் போட்டால் நியாயமில்லை என்பது என் கருத்து. விரல் நகம் அளவு இடத்தில் ஆறு 12 வோல்ட் பின்கள், 600 வாட் என்றால் மொத்தம் 50 ஆம்பியர், பின்னுக்கு 8 ஆம்பியருக்கு மேல். தப்புக்கு அங்கே இடமே வைக்கவில்லை.

பிறகு வந்த 12வி-2×6 என்ற திருத்தப்பட்ட வடிவத்தில் கரண்ட் பின்களைக் கொஞ்சம் நீளமாக்கி, எத்தனை வாட் இழுக்கலாம் என்று கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களை 1.5 மில்லிமீட்டர் குட்டையாக்கினார்கள். கனெக்டர் முழுதாக உட்காராவிட்டால் சென்ஸ் பின் தொடாது, கார்டு முழு வாட்டையும் இழுக்காது. புதிதாக வாங்கினால் இந்தப் பெயர் போட்டதை வாங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வரும் நேரடி 16 பின் கேபிளையே போடுங்கள், நான்கு 8 பின்னைச் சேர்க்கும் அடாப்டர் கடைசி வழிதான்.

செருகும்போது கார்டை ஒரு கையால் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு மறு கையால் நேராகத் தள்ளுங்கள். கார்டின் சாக்கெட்டுக்கும் கனெக்டருக்கும் நடுவே வெள்ளைக் காகிதம் நுழையும் இடைவெளிகூடத் தெரியக் கூடாது. கனெக்டரிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை கேபிள் வளையாமல் நேராகப் போக வேண்டும், கேபினட்டின் கண்ணாடிக் கதவு அதை அமுக்கினால் கேபினட்டை மாற்றுங்கள், கேபிளை மடிக்காதீர்கள்.

பழைய எஸ்.எம்.பி.எஸ். கேபிள்கள் இழுத்துக் கட்டியபடி இருக்கின்றன. புதிய பெட்டியில் அதையே செருகிக்கொள்ளலாமா?

கூடாது. கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள்களில் கார்டு முனைக்குத்தான் பொது விதி, எஸ்.எம்.பி.எஸ். முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி, சில நேரம் ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்கே வேறு. செருகினால் அழகாகப் பொருந்தும், ஸ்விட்ச் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஹார்டு டிஸ்க் எரிந்துவிடும். பல வருடப் புகைப்படங்கள் உள்ள டிஸ்க்காக அது இருந்தால் எந்த வாரண்டியும் அவற்றைத் திருப்பித் தராது. எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், ஒரு மணி நேர வேலைதான்.

பழைய டெல் ஆபீஸ் கம்ப்யூட்டரை மலிவாக வாங்கினேன். கார்டு போட முடியுமா?

நம் ஊரில் மாணவர்கள் நிறையப் பேர் இந்த வழியில்தான் கேமிங்குக்கு வருகிறார்கள், நல்ல வழிதான். ஆனால் இவற்றின் எஸ்.எம்.பி.எஸ். சிறியது, கூடுதல் கனெக்டர் இருக்காது. ஆப்டிபிளெக்ஸ் 7010 டவரில் இருப்பது 275 வாட், குட்டி எஸ்எஃப்எஃப் உடம்பில் 240. எனவே ஸ்லாட்டின் 75 வாட்டுக்குள் வாழும் கார்டுகளைப் பாருங்கள்: தனிக் கனெக்டர் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650, 70 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 53 வாட் ஆர்எக்ஸ் 6400. அதே 3050இன் 8 ஜிபி மாடல் 130 வாட், பெயரை மட்டும் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். ஜிடிஎக்ஸ் 1650இலும் 6 பின் வைத்த மாடல்கள் உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள். குட்டி உடம்புக்கு உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் பொருந்தும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றிவிடலாமே என்றால், 7010 டவரில் சாதாரண 24 பின் இருக்கிறது, மாற்றலாம். 3020, 7020, 9020 போர்டுகளில் டெல்லின் சொந்த 8 பின் இருக்கிறது, 24 பின்னிலிருந்து அதற்கு மாற்றும் கேபிள் தனியாக வாங்க வேண்டும்.

கேம் நடுவில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைகிறது. எஸ்.எம்.பி.எஸ்.தானா?

அணைகிற விதத்தைக் கவனியுங்கள். நீலத்திரை வந்து, அல்லது கேம் மட்டும் மூடிக்கொண்டால் டிரைவர், ரேம் பக்கம் தேடுங்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விளக்கு, ஃபேன் எல்லாம் ஒரே நொடியில் நின்றால் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகப்படலாம். பவர் பட்டனை அழுத்தினாலும் உயிர் வராமல், பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்ட பிறகுதான் வருகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும், பாதுகாப்புச் சர்க்யூட் பூட்டிக்கொண்டதன் அடையாளம் அது. விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருக்கும். அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்லும், ஏன் நின்றது என்பதைச் சொல்லாது.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்து, எந்தக் கேமில் அணைந்ததோ அதே கேமை ஓட்டுங்கள். இப்போது அணையவில்லை என்றால் கரண்ட் பற்றாக்குறை என்று ஓரளவு உறுதி. அதற்கு முன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டு நேராகச் சுவர்ப் பாயிண்ட்டில் செருகிப் பார்த்தீர்களா, யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்துப் பார்த்தீர்களா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்வரை அந்த 70 சதவீதத்திலேயே ஓட்டலாம், வேகம் நீங்கள் பயப்படும் அளவு குறையாது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். உயிர் போகும் விஷயம்.

யு.பி.எஸ். வைத்திருக்கிறேன். புதிய கார்டைத் தாங்குமா?

யு.பி.எஸ்.ஸில் போட்டிருக்கும் 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்பது வாட் அல்ல. வீட்டுக்கு வாங்கும் 600 வி.ஏ. பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கம்ப்யூட்டரும் மானிட்டரும் அதில் ஒண்டிக்கொள்ளும், அதற்கு மேற்பட்ட கார்டு என்றால் கரண்ட் போன அதே நொடியில் யு.பி.எஸ்.ஸும் கத்திக்கொண்டே அணையும்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் கைக்கு மாறும் இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ். தன் கெபாசிட்டரில் இருக்கும் சேமிப்பை வைத்துத் தாண்ட வேண்டும். பழைய ஏடிஎக்ஸ் விதிகள் சுமார் 16 மில்லி நொடி கேட்டன, 3.1 அதை முழு லோடில் 12 ஆகக் குறைத்துவிட்டது. இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். மோடு என்று ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், சாதாரண மோடில் மாறுவதற்கு நேரம் அதிகம் எடுக்கும். வாங்கும்போது சைன் வேவ் வகையையே வாங்குங்கள். சதுர அலை கொடுக்கும் மலிவு வகைகளோடு, ஆக்டிவ் பி.எஃப்.சி. (சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.கள் சில நேரம் ஒத்துப்போவதில்லை.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். லீக்கா?

பெரும்பாலும் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்குப் போடப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினட் முழுவதும் பாதி வோல்டேஜில் மிதக்கும், வெறுங்காலோடு தொடும்போது சுர்ரென்கிறது. அளவில் சின்னக் கரண்ட்தான், ஆனால் நிஜமான லீக் ஒன்று வந்தால் உங்களைக் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை என்பதன் அறிகுறி அது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பாயிண்ட்டின் எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு பின் கன்வெர்ட்டர் வழியாகக் கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

செகண்ட் ஹேண்டில் எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாமா?

கார்டு வாங்கலாம், பிராசஸர் தாராளமாக வாங்கலாம், எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம் என்பேன். கெபாசிட்டர் நாளாக நாளாகத் தேயும், வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரிஜினல் பில்லோடு, மாற்றித் தரக்கூடிய வாரண்டி இன்னும் சில வருடம் பாக்கி, எல்லாக் கேபிளும் கூடவே இருக்கிறது என்றால் மட்டும் யோசியுங்கள்.

பட்ஜெட் இறுக்கம். எதைக் குறைப்பது?

கார்டை ஒரு படி குறையுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐக்குப் பதில் 4060 எடுத்தால் சில பிரேம்கள் குறையும், கேம் ஓடும், இரண்டு வருடம் கழித்து விற்றுவிட்டு மேலே போகலாம். அந்த வித்தியாசக் காசில் வாங்கிய நல்ல 650 வாட் கோல்டு அப்போதும் அதே கேபினட்டில் இருந்து அடுத்த கார்டையும் ஓட்டும். சுவிட்ச் போர்டுக்கு வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் இருக்கிறீர்கள் என்றால் இதில் பேரமே வேண்டாம். அசெம்பிள் செய்து கொடுக்கும் கடைக்காரர் கொட்டேஷனில் "550 வாட் எஸ்.எம்.பி.எஸ்." என்று மொட்டையாக எழுதியிருந்தால், பிராண்டு, முழு மாடல் பெயர், வாரண்டி மூன்றையும் அந்த வரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், பில்லிலும் அப்படியே வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.